குடை போட்டு விற்கிற இலவச சிம்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூர், காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து ஆட்கள், முக்கியமாக ஊரில் அப்பா அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்கு வந்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பஸ் ஸ்டாண்டு, சந்தை, கோயில் விசேஷம் என்று கூட்டம் சேருகிற இடமெல்லாம் ஒரு பெரிய கலர் குடையை விரித்து வைத்துக்கொண்டு, “சிம் இலவசம், மூன்று மாசம் இலவசம், நம்பரும் மாறாது” என்று கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிட்டு எங்கள் அம்மாவின் பெயரில் செய்துவிட்டுப் போன வேலையைச் சரிசெய்ய நாங்கள் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

அம்மா வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். இரண்டு கறவை மாடு, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். கையில் இருப்பது சாதாரண பட்டன் போன். நெட் தேவையில்லை. நாங்கள் பேசுவதும், பால் பணம் ஏறிய மெசேஜும், கேஸ் சிலிண்டருக்கு வரும் நம்பரும்தான் அந்தப் போனின் மொத்த உபயோகம்.

சந்தைக்குப் போன இடத்தில் குடைக்காரப் பையன் பேசிய பேச்சை அம்மா அப்படியே சொன்னார். “ஏனுங்கம்மா, மாசாமாசம் எதுக்குங்க தண்டமாக் கட்டிக்கிட்டு? நம்பர் அதேதானுங்க. மூணு மாசத்துக்கு அஞ்சு காசு வேண்டாமுங்க.” அம்மாவின் போனை வாங்கி அவனே 1900-க்கு மெசேஜ் அனுப்பி, திரும்பி வந்த போர்ட் நம்பரை, அதாவது அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாறத் தேவையான குறியீட்டை, குறித்துக்கொண்டான். அப்புறம் ஆதார், அப்புறம் கைரேகை.

கைரேகை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பால் கறந்து, தட்டு அறுத்து, களை பிடுங்கியே தேய்ந்துபோன விரல்கள் அம்மாவுக்கு. ரேஷன் கடையிலும் ஒரு தடவை வைத்தால் விழாது. அதனால் “மொதல்ல வெச்சது விழுகலீங்கம்மா, தொடச்சுட்டு இன்னொருக்கா வைங்க” என்று அவன் சொன்னபோது அம்மாவுக்கு அது புதிதாகவே தெரியவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். போட்டோவும் அப்படித்தான். கண்ணை மூடித் திறக்கச் சொல்லி ஒன்று எடுத்து, சரியாக வரவில்லை என்று இன்னொன்று. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான். “அந்தப் பையன் ரொம்ப மருவாதியாப் பேசுனான் கண்ணு” என்கிறார் அம்மா. அந்த மரியாதைக்குப் பின்னால் இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பழைய சிம் செத்து, புது சிம்முக்கு எண் மாறியதும் முதல் தொல்லை தொடங்கியது. தோட்டத்தில் டவர் எடுக்கவில்லை. ரோட்டோரம் வந்தால் ஒரு கோடு, வீட்டுக்குள் ஒன்றுமில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நிற்கிறார். போனுக்கு வந்த நம்பரைச் சொன்னால்தான் இறக்குவார். அம்மா போனைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி ரோட்டுக்கு நடந்து, மெசேஜ் வந்ததும் அதே தூரம் திரும்பி வந்து சொல்ல வேண்டியிருந்தது. மூட்டு வலிக்குத் தைலம் போட்டுக்கொண்டு படுக்கிறவருக்கு இப்படி ஒரு நடை.

சரி, பழைய நிறுவனத்துக்கே திரும்பிவிடலாம் என்று 1900-க்கு மெசேஜ் அனுப்பினால் முடியாது என்று பதில் வந்தது. இது எல்லாருக்கும் உள்ள விதி. ஒரு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றினால் 90 நாள் ஆகாமல் அங்கிருந்து வெளியே போக முடியாது. குடைக்காரர்கள் வாயைத் திறக்காத விஷயம் இதுதான். மூன்று மாதம் இலவசம் என்பது கிட்டத்தட்ட அதே 90 நாள் என்பதை நினைத்துப் பாருங்கள். நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்தனை நாளும் நீங்கள் அவர்களிடம்தான்.

அந்த இலவசமும் நிஜமில்லை. அவன் போட்டுக் கொடுத்தது 28 நாள் ரீசார்ஜ் ஒன்று, அவ்வளவுதான். அது முடிந்ததும் முதலில் அம்மாவால் யாரையும் கூப்பிட முடியவில்லை. பிறகு நாங்கள் கூப்பிட்டாலும் போகவில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், “மூன்று மாத இலவசம் என்று எங்கள் திட்டத்தில் எதுவுமே இல்லை, விற்றவரைக் கேளுங்கள்” என்கிறார்கள். விற்றவனின் எண் ஸ்விட்ச் ஆஃப். ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தால் இவ்வளவு என்று அவனுக்குக் கமிஷன். மாதக் கடைசி டார்கெட் முடிந்தால் குடை வேறு ஊருக்குப் போய்விடும்.

பெரிய அதிர்ச்சி அதற்குப் பிறகுதான். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நம் எண்ணையும் அதற்கு வரும் ஓடிபியையும் போட்டால், நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்டும். அம்மாவின் பெயரில் இரண்டு எண் வந்தது. இரண்டாவது எண்ணை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததே இல்லை. நிறுவனத்தின் ஷோரூமில் போய் நின்றபோது, அதே நாளில், அதே விற்பனையாளர் கணக்கிலிருந்து அதுவும் ஏற்றப்பட்டிருக்கிறது என்று திரையைப் பார்த்துச் சொன்னார்கள். விழவில்லை என்று சொல்லி வாங்கிய இரண்டாவது ரேகை எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது. இந்த மாதிரி சிம்கள் ஆன்லைன் மோசடிக் கும்பல்களின் கைக்குப் போகின்றன. யாரோ ஒருவரின் பணத்தைப் பிடுங்க அந்த எண்ணைப் பயன்படுத்தினால், போலீஸ் விசாரணை முதலில் வந்து நிற்பது எங்கள் தோட்டத்து வாசலில்.

அந்தத் தளத்திலேயே “இது என் எண் இல்லை” என்று குறிக்க வழி இருக்கிறது. குறித்தோம். போலீஸிலும் மனு கொடுத்து, மனு வாங்கியதற்கு அவர்கள் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்கி வைத்திருக்கிறோம். நீங்களும் இன்றைக்கே உங்கள் பெயரிலும் வீட்டுப் பெரியவர்கள் பெயரிலும் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் 9 சிம் வரை இருக்கலாம் என்பதால், ஒன்றிரண்டு கூடுதலாக இருந்தால் யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

மலிவு, இலவசம் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது சில மாதங்கள் நிஜமாகவே இலவசம். 2017 மார்ச் 31 வரைக்கும் என்று தேதி சொன்னார்கள். 2025 ஆகஸ்டில் பிஎஸ்என்எல் புது சிம்முக்கு 1 ரூபாயில் 30 நாள் கொடுத்தது. அதிலும் 30 நாள் என்பது வெளிப்படை. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் எல்லாம் கட்டணத்தை ஏற்றிய பிறகு மலிவைத் தேடிப் போவதில் எந்தத் தப்பும் இல்லை. பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குகிற குடும்பத்தில் நாலு போன் இருந்தால் அது பெரிய தொகை. ஆனால் எந்தத் தேதியில் சலுகை முடியும், முடிந்த மறுநாளிலிருந்து எவ்வளவு என்று கேளுங்கள். அதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் ஆதாரை நீட்டாதீர்கள்.

விலையைப் பார்க்கும்போது 28 நாள் கணக்கையும் கவனியுங்கள். மாதம் 299 என்று சொல்கிற திட்டம் 28 நாளுக்கானது என்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை போட வேண்டும். 3,588 என்று நினைத்தது 3,887 ஆகிறது. முழுசாக 30 நாள் வருகிற திட்டமும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று போன் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் டிராய் அமைப்பு 2022-இலேயே சொல்லிவிட்டது. கடையில் தானாக எடுத்துக் காட்ட மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு நெட் இல்லாமல் பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள திட்டம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. இலவச சிம்மைவிட அம்மா மாதிரி ஆட்களுக்கு அதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

டவர் சமாச்சாரத்துக்குக் கடைக்காரர் வாக்கை நம்ப வேண்டாம். அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாரையாவது தோட்டத்துக்கு வரச்சொல்லி, அடுப்படியில் நின்று ஒரு போன் பேசச் சொல்லுங்கள். இன்னொன்று, ரீசார்ஜ் போடாமல் விட்டால் எண் உடனே போய்விடாது. உபயோகம் இல்லாமலேயே 90 நாள் ஆன பிறகுதான் நிறுவனம் எண்ணை எடுத்துக்கொள்ளலாம், மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அப்போதும் எடுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் எண் உயிரோடு இருப்பது வேறு, அழைப்பு வருவது வேறு. வேலிடிட்டி முடிந்தால் இன்கமிங்கும் நின்றுவிடும். வயசானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் அதுதான் பயம்.

இதற்குள்ளேயே மாட்டியிருந்தால்: போர்ட் கொடுத்து 24 மணி நேரம் ஆகவில்லை என்றால் ஆங்கிலத்தில் கேன்சல் என்று அடித்து, இடம் விட்டு, உங்கள் எண்ணைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் நிறுத்திவிடலாம். ஆகிவிட்டது என்றால் நிறுவனத்தின் புகார் சேவையான 198-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். புகார் எண் இல்லாத புகார் புகாரே இல்லை. அங்கே தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். டிராய்க்கு எழுதிப் பிரயோஜனமில்லை, தனி ஆள் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினால் அவர்கள் நிறுவனத்திடம் கேட்பார்கள். பணமும் போயிருந்தால் யோசிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

சிம் விற்கிறவர் ஒவ்வொருவரும் நிறுவனத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2023-இல் விதி வந்திருக்கிறது. தப்பு செய்தால் 3 வருஷம் எந்த நிறுவனத்தின் சிம்மும் விற்க முடியாமல் தடுக்கலாம். அதனால் புகாரில் உங்கள் சிம்மை ஏற்றிய விற்பனையாளரின் அடையாள எண்ணைக் கேட்டு எழுதுங்கள். நாங்கள் கேட்டிருக்கிறோம், இன்னும் கொடுக்கவில்லை. வெள்ளகோவில், முத்தூர், காங்கேயம் பக்கத்தில் வேறு யாருக்காவது இதே மாதிரி நடந்திருந்தால், சின்ன விஷயம் என்று விடாமல் நீங்களும் ஒரு மனு கொடுங்கள். திருப்பூரில் வேலை செய்கிற வடமாநிலப் பிள்ளைகளிடமும், இரண்டாவது தடவை கை வைக்கச் சொன்னால் முதல் தடவை என்ன ஆனது என்று திரையைக் காட்டச் சொல்லிக் கேட்கும்படி சொல்லி வையுங்கள்.