பருவத்தின் முதல் 5 கிலோமீட்டர்: லெனேசியாவா, சாட்ஸ்வொர்த்தா?

தென்னாப்பிரிக்காவின் குளிர்கால மாதமான ஜூலையின் விடியற்காலையில் பருவத்தின் முதல் குறுந்தூர ஓட்டத்தில் இறங்கும் நம்மவர்களுக்கு, ஜோகனஸ்பர்க்கின் லெனேசியாவும் கடற்கரை நகரான டர்பனின் சாட்ஸ்வொர்த்தும் முற்றிலும் வேறான சோதனைகளை வைக்கின்றன. ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகனஸ்பர்க்கில் வெப்பநிலை சில நாள்களில் 0 பாகைக்கு அருகே இறங்குவதோடு, காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தும் காற்று வறண்டும் இருப்பதால், முதல் கிலோமீட்டரிலேயே விரைபவருக்குத் தொண்டை எரியும், மூச்சு முட்டும். குளிர்ந்த தசை மெதுவாகவே சுருங்குவதால், 20 நிமிட மெல்லோட்டமும், ஓட்டம் தொடங்கும்வரை கழற்றாத குளிர்ச்சட்டையும் கையுறையும் அங்கே கட்டாயம் என்பேன். டர்பனிலோ 11 பாகையளவில் 10 நிமிடமே போதும்; சாட்ஸ்வொர்த்தின் மேடுகள்தாம் கால்களைச் சோதிக்கும். நீண்ட ஓய்வுக்குப் பின் திரும்புபவருக்கு நான் தயக்கமின்றிச் சாட்ஸ்வொர்த்தையே பரிந்துரைப்பேன். கடற்கரையிலிருந்து லெனேசியாவுக்குச் செல்பவர், டர்பனில் எடுத்த நேரத்தை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.