எஸ்.ஐ.வி.யா, ஷிவ்வா? எச்.ஐ.வி. தடுப்பூசியைக் குரங்கில் சோதிக்கும்போது

எச்.ஐ.வி.-1 றீசஸ் குரங்கில் பெருகாது. குரங்கின் கலங்களில் உள்ள டிரிம்5 அல்ஃபா என்ற புரதம், உள்ளே வந்த வைரசின் உள்ளோட்டைப் பிடித்துக் குலைத்துவிடும். அதனால் தடுப்பூசியைச் சோதிக்கப் பெரும்பாலும் இரண்டு பதிலிகள்தான் பயன்படுகின்றன: குரங்குகளுக்குரிய எஸ்.ஐ.வி., அல்லது அதற்கு எச்.ஐ.வி.யின் வெளியுறைப் புரதத்தை மாட்டிய கலப்பு வைரசான ஷிவ். கொழும்பு மருத்துவபீடத்தில் இத்தகைய சோதனைகள் பற்றிய கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் "குரங்குகள் தப்பின" என்ற வரிக்கு முன்னால், எந்த வைரசைக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஏன் என்பதற்கு ஷிவ்89.6பி என்ற கலப்பு வைரசின் கதை போதும். அது சில வாரங்களில், சி.டி.4 என்ற புரதத்தைத் தாங்கிய நோயெதிர்ப்புக் கலங்களை அழித்துவிடும். பார்க்கப் பயங்கரமான வைரசு. ஆனாலும் காக் என்ற உட்புற வைரசுப் புரதத்தைத் தடிமன் வைரசான அடினோவைரசு-5இல் ஏற்றிய தடுப்பூசி 2002இல் அதை அடக்கிக் காட்டியது. 2005இல் அதே வகைத் தடுப்பூசியை எஸ்.ஐ.வி. மக்239 என்ற, அடக்கக் கடினமான திரிபுக்கு எதிராக வைத்தபோது பலன் மிகச் சொற்பம். 2007இல் ஸ்டெப் என்ற மனிதச் சோதனை இடைநடுவில் நிறுத்தப்பட்டது: தொற்றும் தடுக்கப்படவில்லை, தொற்றியவர்களின் குருதியில் வைரசு அளவும் குறையவில்லை. கடினமான வைரசு சொன்னதுதான் சரியாயிற்று.

தொற்றிய கலங்களைக் கொல்லும் டி கலங்களை நம்பும் தடுப்பூசிக்கு மக்239ஐயே எடுக்க வேண்டும். அது ஒற்றை மூலத்திலிருந்து வளர்த்த வைரசு. எந்த இடத்தில் மாறித் தப்பியது என்று துல்லியமாகப் பார்க்கலாம். குரங்கின் சைட்டோமெகலோவைரசைக் கொண்டு செய்த தடுப்பூசி, ஏறத்தாழப் பாதிக் குரங்குகளில் இதையே கட்டுப்படுத்தியது. மக்251 என்ற இன்னொரு எஸ்.ஐ.வி. பல திரிபுகளின் கலவை. இயற்கைக்குக் கிட்ட, ஆனால் வளர்த்து வைத்த ஒவ்வொரு தொகுதியும் வேறுபடும். மக்239இன் உறையைப் பிறபொருளெதிரிகள் எளிதில் அண்டாது. பிறபொருளெதிரித் தடுப்பூசியை இதில் சோதித்தால் அநியாயமாகத் தோற்கும். மனிதருக்கான உறைப்புரதத்தையே சோதிக்கவும் முடியாது.

அங்கேதான் ஷிவ் வேண்டும், 89.6பி அல்ல, கலத்தின் மேலுள்ள சி.சி.ஆர்.5 என்ற வாயில் வழியாக நுழையும் எஸ்.எஃப்.162பி3, ஏ.டி.8 போன்றவை. குரங்கின் சி.டி.4இல் எச்.ஐ.வி. உறை சரியாக ஒட்டாது என்பதால், இப்போது உறையின் 375ஆம் அமினோ அமிலத்தை மாற்றுகிறார்கள். இதன் குறை: பல ஷிவ்களைத் தடுப்பூசி போடாத குரங்கும் காலப்போக்கில் தானே அடக்கிவிடும். ஆகவே வைரசு அளவை முடிவாக வைக்காமல், தொற்றியதா இல்லையா என்பதை மட்டும் எண்ணுவது நல்லது.

கொடுக்கும் அளவும் முடிவை மாற்றும். எல்லாக் குரங்குக்கும் ஒரே தடவையில் தொற்றும் அளவு கொடுத்தால், மிதமான பாதுகாப்பு கண்ணுக்கே தெரியாது. வாரம் ஒருமுறை குறைந்த அளவைக் குதவழியாகக் கொடுங்கள். ஒரு தடவைக்கு 30% தொற்றும் அளவென்றால், ஆறு தடவையில் தடுப்பூசி போடாதவற்றில் 88% தொற்றியிருக்கும். தடுப்பூசி அந்த 30%ஐ 10% ஆக்கினால் 47% மட்டுமே. இந்த இடைவெளியையும் எட்டுக் குரங்குள்ள கூட்டத்தில் தற்செயல் விழுங்கிவிடலாம். அப்படியும் மனிதரின் ஆபத்தைவிட இது பல மடங்கு: குதவழி உடலுறவில் ஏற்பவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 1.4%.

அடினோவைரசு-26 தடுப்பூசி எஸ்.எஃப்.162பி3க்கு எதிராக 67% குரங்குகளைக் காத்தது என்று 2018இல் வந்தது. ஆபிரிக்கப் பெண்களிடம் நடந்த இம்போகோடோ சோதனையில் 2021இல் கிடைத்தது சுமார் 25%, அதுவும் புள்ளிவிபரப்படி உறுதியில்லை. சோதனைக்கு எடுத்த ஒரு ஷிவ்வும், ஊரில் சுற்றும் ஆயிரம் திரிபுகளும் ஒன்றல்ல.

குரங்குகளைப் பிரிக்கும்போது மாமு-ஏ01, பி08, பி17 என்ற நோயெதிர்ப்புப் பரம்பரையலகுகளைப் பரிசோதித்துக் கூட்டங்களுக்குச் சமமாகப் பங்கிட வேண்டும். இவை உள்ள குரங்குகள் தடுப்பூசி இல்லாமலே எஸ்.ஐ.வி.யைக் குறைக்கக்கூடியவை. இந்த அறிவெல்லாம் இந்திய வம்சாவளி றீசஸில் திரட்டியது. 2023இல் நம் ரிலவாக் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது ஆய்வுகூடத்துக்கா என்று பலர் அஞ்சினார்கள். இந்தச் சோதனைக்கு அவை பொருந்தா.

வைரசை எந்தக் கலத்தில் வளர்த்தார்கள் என்றும் பாருங்கள். 1991இல், வைரசே இல்லாத மனிதக் கலங்களை ஊசியேற்றிய குரங்குகளில் சிலவும் எஸ்.ஐ.வி.யிலிருந்து தப்பின. தாக்கிய வைரசும் மனிதக் கலத்தில் வளர்ந்து, அதன் புரதங்களைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தது. குரங்கு எதிர்த்தது அந்தப் புரதங்களை. குரங்கின் கலத்தில் வளர்த்த வைரசைக் கொடுத்தால் இந்தப் போலிப் பாதுகாப்பு வராது.