ஸ்வெட்டர் ஓரத்தை எதில் முடிப்பது: ஜெனி முறையா, தையல் முடிப்பா?

பினாங்கில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினால் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு? ராத்திரி கோலாலம்பூர் போகிற எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் ஏசி குளிரில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அது போக கேமரன் மலையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், குளிர் நாட்டில் படிக்கப் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். போட்டுக்கொள்ள ஆளுக்குப் பஞ்சம் இல்லை.

விஷயம் கடைசி வரிசையைப் பற்றியது. கழுத்து, மணிக்கட்டு, காலுறையின் மேல் வாய், ஸ்வெட்டரின் கீழ்ப்பட்டி, இந்த இடங்களில் எல்லாம் பின்னி முடித்துக் கண்ணிகளை ஊசியிலிருந்து இறக்கும்போது ஓரம் நன்றாக இழுபட வேண்டும். சாதாரண பைண்ட் ஆஃப்பில், அதாவது வழக்கமான முடிப்பில், ஒரு கண்ணியைத் தூக்கி அடுத்ததன் மேல் போட்டுக்கொண்டே போகிறோம். ஓரத்தில் அது ஒரு சங்கிலியாக நிற்கிறது. கீழே இருக்கிற ரிப் (நிட் என்கிற நேர்க் கண்ணியும் பர்ல் என்கிற புரட்டிய கண்ணியும் மாறி மாறி வருகிற பட்டி) எவ்வளவு விரிந்தாலும் அந்தச் சங்கிலி விரியாது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ., ஒரு வயதில் 46 செ.மீ. பக்கம் வந்துவிடும். கழுத்தோ அதில் பாதிதான். கழுத்துக்கு அழகாகப் பொருந்துகிற பட்டி தலையில் நுழையாது என்பதைக் குழந்தைக்குப் பின்னிய எல்லாரும் அறிவோம்.

இதற்கு வழி பல உண்டு. இரண்டு அளவு பெரிய ஊசியை எடுத்து வழக்கம்போலவே தளர்வாக முடிப்பது ஒன்று. கொஞ்சம் உதவும், ஆனால் ஓரம் தொளதொளவென்று நிற்கும், குழந்தைக் கழுத்துக்குப் போதவும் போதாது. இரண்டு கண்ணிகளைப் பின்பக்கமாகச் சேர்த்துப் பின்னி, வந்த கண்ணியை இடது ஊசிக்கே திருப்பிப் போட்டுக்கொண்டு போகிற லேஸ் முடிப்பு சால்வைக்கு அருமை. ரிப் பட்டியில் அதன் கோடு தனியாகத் தெரியும். குழாய் போல உருண்ட ஓரம் தருகிற டியூபுலர் முடிப்பு ஒற்றை ரிப்பில் (ஒரு நிட், ஒரு பர்ல்) கடையில் வாங்கியது மாதிரி இருக்கும், அழகில் அதை மிஞ்ச எதுவும் இல்லை. இரட்டை ரிப்பில் (இரண்டு நிட், இரண்டு பர்ல்) கண்ணிகளை இடம் மாற்றி அடுக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே செய்கிற வேலை இல்லை அது.

மிச்சம் நிற்பது இரண்டு. ஒன்று, 2009-இல் ஜெனி ஸ்டைமன் இணைய இதழ் ஒன்றில் வெளியிட்ட முறை. அதன் பெயரிலேயே 'ஆச்சரியப்படும்படி இழுபடும்' என்று வரும், பின்னுகிறவர்கள் சுருக்கமாக ஜெனி முறை என்றே சொல்கிறோம். இன்னொன்று எலிசபெத் ஸிம்மர்மன் பரப்பிய தையல் முடிப்பு. ஸிம்மர்மன் (1910–1999) இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்தவர். பின்னல் உலகத்துக்கே பாட்டி மாதிரி. நான் இப்போது பின்னுவதில் பெரும்பாலானதை ஜெனியில்தான் முடிக்கிறேன். ஏன் என்று சொல்லும் முன் இரண்டும் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிடலாம்.

ஜெனி முறையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால் ஒரு யார்ன் ஓவர், அதாவது ஊசியின் மேல் ஒரு நூல் சுற்று, வரும். அடுத்தது நிட் கண்ணியானால் நூலைப் பின்னாலிருந்து ஊசியின் மேலாக முன்னுக்குக் கொண்டுவந்து, அடியால் மறுபடி பின்னால் விட வேண்டும். வழக்கமாகச் சுற்றுவதற்கு நேர் எதிர்த் திசை. பர்ல் கண்ணியானால் வழக்கமான திசையே. பிறகு அந்தக் கண்ணியைப் பின்னி, சுற்றிய நூலை அதன் மேலாகத் தூக்கிப் போட வேண்டும். கண்ணியின் அடியில் அது ஒரு காலர் போல உட்காரும். வலது ஊசியில் இப்படி இரண்டு கண்ணி சேர்ந்ததும் முதலாவதை இரண்டாவதன் மேல் போட்டு இறக்குகிறோம். சங்கிலி இங்கேயும் உண்டு. கண்ணிக்குக் கண்ணி ஒரு சுற்று நூல் கூடுதலாக இருப்பதால் இழுக்கும்போது அந்த நூல் இடம் கொடுக்கிறது. திசை கைக்குப் பழகும்வரைதான் சிரமம்.

தையல் முடிப்பில் பின்னும் வேலையே கிடையாது. ஓரத்தின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நூல் விட்டு வெட்டி, மொண்ணை முனை உள்ள தையல் ஊசியில் கோக்க வேண்டும். 40 செ.மீ. கழுத்தென்றால் 120 செ.மீ., கூடவே ஒரு சாண். ஊசியை வலமிருந்து இடமாக முதல் இரண்டு கண்ணிகளுக்குள் விட்டு நூலை இழுக்கவும். அப்புறம் இடமிருந்து வலமாக முதல் கண்ணிக்குள் மட்டும் விட்டு இழுத்து, அந்தக் கண்ணியை இறக்கவும். கடைசிவரை இதேதான். முடிந்ததும் ஓரம் தடிக்காமல், அலை அலையாக நிற்காமல், கார்ட்டர் பின்னலோடு (எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்னுவது) சேர்ந்து ஒன்றாகிவிடும். பார்வைக்கு ஜெனியைவிட இது அடக்கம். இதை நான் மறுக்கவே இல்லை.

இழுபடுவதிலும் இரண்டுக்கும் பெரிய தூரம் கிடையாது. ஜெனி கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும், ஆனால் குழந்தைத் தலை இரண்டிலும் நுழையும். ஆகவே இழுவையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. எனக்குத் தீர்ப்பைச் சொன்னது வேறு: ஒருநாள் அதைப் பிரிக்க வேண்டி வருமா?

குழந்தை உடுப்பானால் வரும், நிச்சயம் வரும். என் அண்ணன் மகளுக்குப் பின்னுவதை எல்லாம் கழுத்திலிருந்து கீழாகத்தான் பின்னுகிறேன். பிள்ளைகள் அகலத்தில் வளர்வதைவிட நீளத்தில் வேகமாக வளர்கிறார்கள். மார்பில் பொருந்துகிற ஸ்வெட்டர் அதற்குள் தொப்புளுக்கு மேல் ஏறிவிடுகிறது. "நீ பின்னுறதெல்லாம் அழகாத்தான் இருக்கு, ஆனா மூணு மாசத்துல குட்டையாயிடுதே" என்று அண்ணி சொன்னால், "குடுங்க அண்ணி, நீட்டித் தர்றேன்" என்று வாங்கிக்கொள்கிறேன். அப்படி வாங்கிக்கொள்ளத் தைரியம் வருவது ஓரம் ஜெனியில் முடிந்திருக்கிறது என்று தெரிவதால்தான்.

பின்னல் கடைசியாகப் பின்னிய முனையிலிருந்துதான் சுலபமாகப் பிரியும். தொடங்கிய முனையிலிருந்து ரிப்பைப் பிரிக்க முயன்றவர்களுக்கு அந்தப் பாடு தெரியும், ஒவ்வொரு கண்ணியிலும் நூலை உருவி உருவி எடுக்க வேண்டியிருக்கும். மேலிருந்து கீழாகப் பின்னிய ஸ்வெட்டரில் நீளம் கூட்ட வேண்டிய இடமும், பிரிகிற முனையும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. விரல் பக்கம் தொடங்கி மேலே போகிற காலுறையும் அப்படியே.

ஜெனி ஓரத்தில் மறைத்துச் செருகிய வால் நூலைத் தேடி எடுத்து, கடைசி வளையத்திலிருந்து வெளியே இழுத்துவிட்டால் வழி திறந்துவிடும். அப்புறம் மெல்ல இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். பலமுறை துவைத்த துணியானால் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சின்ன இடறல் விரலுக்குத் தெரியும். ஒன்று சங்கிலி விடுபடுவது, இன்னொன்று அந்தக் காலர் விடுபடுவது. ரிப் பட்டி முழுவதையும் பிரித்து, பட்டிக்கு மேலே உள்ள வரிசைக் கண்ணிகளை 2.5 மி.மீ. ஊசியில் ஏற்றிக்கொள்கிறேன். பின்னியது 4 மி.மீ. ஊசியிலானாலும், மெல்லிய ஊசி கண்ணிக்குள் சட்டென்று நுழையும். நாலைந்து கண்ணி விடுபட்டதும் அவ்வப்போது ஏற்றிவிட வேண்டும். பருத்தி வழுக்கும், விட்டால் கண்ணி கீழே ஓடும். பிறகு வேண்டிய நீளத்துக்குப் பின்னி, மறுபடி ரிப், மறுபடி ஜெனி. பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். நனைத்துத் தொங்கவிட்டுக் காய வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும், மீதி நெளிவு ரிப்பில் தெரியாது.

தையல் முடிப்பைப் பிரிப்பது வேறு கதை. 100 கண்ணி உள்ள ஓரத்தில் ஊசி ஏறக்குறைய 200 தடவை நுழைந்திருக்கிறது. அதே 200 தடவையும் பின்னோக்கி எடுக்க வேண்டும். தைத்த நூலும் பின்னிய நூலும் ஒரே நிறம், எது எதுவென்று விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண் ஏமாறும்.

இங்கே நமக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை இருக்கிறது. மலேசியாவில் சுலபமாகவும் மலிவாகவும் கிடைப்பது மில்க் காட்டன் என்கிற பருத்திக் கலப்பு நூல். தொட்டால் மெத்தென்று இருக்கும், கம்பளி மாதிரி குத்தாது, வேர்வைக்கும் தாங்கும். நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் அதன் முறுக்கு தளர்வு. ஐந்தாறு மெல்லிய இழைகள் சும்மா பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரிதான். மொண்ணை ஊசியே ஆனாலும் கண்ணிக்குள் போகும்போது எங்கேயாவது ஓர் இழையைக் கிழித்துக்கொண்டு போய்விடும். தைக்கும்போது அது தெரியாது, ஓரம் ஒழுங்காகவே இருக்கும். பிரிக்கும்போதுதான் நூலுக்குள் நூல் மாட்டிக்கொண்டு நகர மறுக்கும். இழுத்தால் இறுகும். ஒன்றரை மீட்டர் நூலை ஒவ்வொரு கண்ணியிலும் முழுசாக இழுத்து இழுத்துத் தைப்பதால் கடைசிப் பகுதியில் அது பிசிறடித்தும் போயிருக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை ஈரமும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஓரத்துக்கு ஒரு வரிசை கீழே ஒரு கண்ணியை வெட்டி, அந்த வரிசை நூலை மட்டும் உருவினால் தைத்த ஓரம் அப்படியே கழன்று வந்துவிடும். கண்ணிகள் உயிரோடு நிற்கும். நல்ல வழிதான். குழந்தை நாளைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய ஸ்வெட்டரில் கத்தரிக்கோலை வைக்க எனக்குக் கை வராது, அவ்வளவுதான்.

நீட்டும்போது வருகிற இன்னொரு சங்கடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது எந்த முடிப்புக்கும் பொது. மிச்சம் வைத்த நூலுருண்டை அலமாரிக்குள் புதுசாக இருக்கும், ஸ்வெட்டரோ வெயிலில் காய்ந்து காய்ந்து வெளுத்திருக்கும். ஒரே டை லாட்டாக (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலாக) இருந்தும் பயன் இல்லை. அதனால் கூட்டுகிற பகுதியை நான் வேறு நிறத்தில் பட்டையாகவே போட்டுவிடுகிறேன். வெளுத்த மஞ்சளுக்குக் கீழே ஒரு பச்சைப் பட்டை போட்டுக் கொடுத்ததை, அண்ணன் மகள் புது ஸ்வெட்டர் என்றே எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெனியின் குறையையும் மறைக்கக் கூடாது. இழுக்காமல் சும்மா வைத்தால் ஓரம் அலை அலையாக விரிந்து நிற்கும். கம்பளியில் ரிப் தானே சுருங்கி அந்த விரிவைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பருத்திக்கு அந்தக் குணம் இல்லை, விரிந்தது விரிந்தபடி. கழுத்திலும் கீழ்ப்பட்டியிலும் இது அவ்வளவாக உறுத்தாது, மணிக்கட்டில் உறுத்தும். அதற்கு நான் செய்வது, ஒற்றை ரிப்பில் நிட் கண்ணிக்கு முன் மட்டும் யார்ன் ஓவர் போட்டு, பர்ல் கண்ணியைச் சாதாரணமாக விட்டுவிடுவது. இழுவை பாதியாகக் குறையும், மணிக்கட்டுக்கு அது தாராளம். அரை அளவு சிறிய ஊசியில் முடிப்பவர்களும் உண்டு. எனக்கு முதல் வழிதான் கைக்கு வருகிறது.

நூலும் கூடுதலாகத் தின்னும். உருண்டை தீர்கிற கட்டத்தில் ஜெனியைத் தொடங்கினால் கடைசிப் பத்துக் கண்ணிக்கு நூல் இருக்காது. தையல் முடிப்பில் மூன்று மடங்கு என்று அளந்து வெட்டிவிடுவதால் அந்தப் பயம் இல்லை. காலுறையை நூல் தீரும்வரை பின்னுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பிரிக்கவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் தையல் முடிப்பையே எடுக்கலாம். பெரியவர்களுக்கான தொப்பி, கார்ட்டர் பின்னலில் சால்வை, தீபாவளிக்குக் கொடுக்கிற அன்பளிப்பு, இவை எல்லாம் ஒருமுறை கை மாறினால் திரும்பி வராது. அவற்றில் ஓரம் அழகாக இருந்தால் போதும். முறுக்கு இறுகிய நூலாக இருந்தால் இழை கிழிகிற பிரச்சினையும் குறையும். அம்மாவுக்குப் பின்னிய தொப்பியைத் தையலில்தான் முடித்தேன், இன்றுவரை மாற்ற நினைத்ததில்லை.

முழுக் கம்பளியில் என் அனுபவம் காலுறையோடு சரி. அதில் ஜெனி நன்றாகவே உட்கார்ந்தது, கெண்டைக்காலை அழுத்தவில்லை. தடித்த நூலில் ஜெனியின் ஓரம் முடிச்சு முடிச்சாகத் தெரியும் என்று ஒன்றிரண்டு பின்னியதில் பட்டது, அதை வைத்துப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். மொஹேர் என்கிற ஆட்டு ரோம நூலில் எந்த முடிப்பும் லேசில் பிரியாது. அந்த நூலின் மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிடும், அங்கே இந்த வாதத்துக்கே வேலை இல்லை.

ஜெனியில் முடிப்பதானால் கடைசியில் வால் நூலை ஒட்ட வெட்டாமல் 15 செ.மீ. விட்டு, ரிப்பின் உள்பக்கம் ஒரே பர்ல் பத்தி வழியாக நேராகச் செருகுங்கள். அங்குமிங்கும் வளைத்துச் செருகினால் பிரிக்கும் நாளில் நூல் முனையைத் தேடியே அரை மணி நேரம் போய்விடும். நான் அந்த இடத்தில் உள்பக்கமாக வேறு நிறத் தையல் நூலில் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு வைக்கிறேன்.