"எந்த நிலத்துக்கும் இறங்கும்" என்று விற்கிற கூடார முளைகளை நம்பி வாங்காதீர்கள்

மடுத் திருவிழாவுக்கோ முல்லைத்தீவுக் கடற்கரைக்கோ கூடாரத்தோடு போக இருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு 4,800 ரூபாய் போனது. காசு போனது பரவாயில்லை. என் அக்காவின் மகனுக்குக் கண்ணுக்கு இரண்டு விரல் கீழே ஒரு கம்பி வந்து கிழித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கூடாரம் இருக்கிறது. அவற்றோடு வந்த முளைகள் வளைந்தும் தொலைந்தும் போனதால், இந்த முறை திருவிழாவுக்கு முன்னர் பட்டினத்துக் கடை ஒன்றில் 24 முளை கொண்ட பொதி வாங்கினேன். கடையின் பெயரை எழுதவில்லை. அதே பொதி இன்னும் சில கடைகளிலும் தொங்குகிறது, பொதியைத்தான் நீங்கள் அடையாளம் காண வேண்டும். முதலாளி மேலேயிருந்து ஒன்றை உருவிக் கையில் தந்தார். மூன்று சிறகு வைத்த அலுமினிய முளை. பாரமே இல்லை, இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன், அசையவில்லை. "அலுமினியம் தம்பி. கிரவலெண்டாலும் சரி, மணலெண்டாலும் சரி, எந்த நிலத்துக்கும் இறங்கும்" என்றார்.

நான் பொதியை அவிழ்க்கவில்லை. மேல் வரிசையில் இருந்த நாலுதான் அந்த மாதிரி. அடியில் கிடந்த இருபதும் வெள்ளிப் பெயின்ற் அடித்த வெறும் கம்பி, தலையை மட்டும் கொக்கி போல வளைத்து விட்டிருந்தார்கள்.

ஆவணித் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னர் மடுவுக்குப் போய் இறங்கினோம். அந்த நேரத்துச் செம்மண் எப்படி இருக்கும் என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மாதக்கணக்காக மழை காணாத மண், மண்வெட்டி பட்டால் "டங்" என்று கேட்கும். முதல் கம்பி மூன்று விரல் அளவு இறங்கியது. அப்புறம் ஒரு பரல் கல்லில் முட்டியிருக்க வேண்டும், அடுத்த அடியில் நடுவில் மடிந்து பக்கவாட்டில் சாய்ந்தது. நிமிர்த்தி மறுபடி அடித்தபோது பெயின்ற் செதிள் செதிளாக உரிந்து உள்ளே கறுத்த இரும்பு தெரிந்தது. மாலைக்குள் பத்து வளைந்துவிட்டது.

பக்கத்துக் கூடாரத்தில் துணுக்காய்ப் பக்கமிருந்து வந்த ஐயா ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உந்தக் கம்பியை விடு தம்பி. மாட்டுக்கு முளை அடிக்கிற மாதிரி அடி" என்று தன் அலவாங்கை (கடப்பாரையை) எடுத்து வந்தார். நிலத்தில் அரைப் போத்தல் தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, அலவாங்கால் சாய்வாக ஒரு துளை போட்டார். துளை முளையை விட ஒல்லியாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் முளை ஆடும். அதில் தான் கொண்டுவந்த பாலை முளையை இறக்கினார். தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, கூர் கூடாரத்தின் பக்கம் போனது. கயிறு முளையை ஏறக்குறைய நேர்கோணத்தில் இழுத்தது. "கயிறு மண்ணோட ஒட்டி இருக்கோணும். முளையின்ர கழுத்தில கட்டினா நெம்பி எடுத்துப்போடும்." நான் அதுவரை பாதி முளையை வெளியே விட்டு உச்சியில்தான் கட்டிவந்தேன். ஐயா தந்த ஆறு முளையில் திருவிழா முடியும்வரை கூடாரம் நின்றது.

திரும்பி வந்து கடைக்குப் போனேன். முதலாளியின் கதை மாறியது. "இது மணலுக்குத்தான் தம்பி, செம்மண்ணில ஏன் அடிச்சனீங்கள்?" வளைந்த பத்துக்குப் பதிலாகப் புதிதாகப் பத்துக் கம்பி தந்தார். அப்போதே நான் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். மணலுக்கு என்கிறாரே, சரி, மணலிலாவது நிற்கட்டும் என்று எடுத்துவந்தேன்.

இரண்டு கிழமை கழித்து முல்லைத்தீவுக் கடற்கரை. மணலில் கம்பி விரலால் அமத்தவே இறங்கியது. இலகுவாக இறங்குவது இலகுவாகவே வெளியே வரும். மணலில் முளையின் கூர் உதவாது, அகலம்தான் உதவும். உருண்டைக் கம்பி அங்கே தன்பாட்டில் திரும்பும், திரும்பினால் கொக்கியிலிருந்து கயிறு கழன்றுவிடும். நடுச்சாமத்துக்குப் பிறகு சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, பிடித்தது. இந்தக் கரையில் சோளகம் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். மேல்விரிப்பின் ஓரங்களில் இறப்பர் வளையம் இருந்தது. காற்று இழுக்க இழுக்க அது கவண் போல நீண்டு, கம்பியைப் பிடுங்கி எறிந்தது. சத்தம் கேட்டு எழுந்து வெளியே வந்த பிள்ளையின் கன்னத்தில்தான் அது பட்டது. விரிப்பு அலைவாய் வரைக்கும் போய்விட்டது. முல்லைத்தீவு வைத்தியசாலையில் மூன்று தையல் போட்டார்கள்.

மணலில் என்ன செய்ய வேண்டும் என்பதை மறுநாள் கரைவலைக்காரர்கள் காட்டித் தந்தார்கள். வெறும் உரப்பையில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டுங்கள். பை இல்லாவிட்டால் பனை மட்டைத் துண்டு ஒன்றைக் கயிற்றுக்குக் குறுக்காகக் கிடத்தி, நடுவில் கயிறு கட்டிப் புதைத்தாலும் போதும். மேலே ஈர மணலைப் போட்டு நன்றாக மிதிக்க வேண்டும். முளைதான் வேண்டும் என்றால் அகலத் தகட்டை வாய்க்கால் போல வளைத்தது, ஓரடிக்குக் குறையாதது பாருங்கள்.

செம்மண்ணுக்கு நான் இப்போது கட்டடக் கம்பி வைத்திருக்கிறேன். ஆறு மீற்றர் நீளமான பத்து மில்லிமீற்றர் கம்பி ஒன்றை 35 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டினால் பதினேழு வரும். வெல்டிங் கடையில் ஒரு முனையைக் கூராக்கி, மற்றதைக் கொக்கியாக வளைத்துத் தந்தார்கள். ஒன்று 215 கிராம் அளவில் இருக்கும். முதுகில் சுமந்து நடப்பவர்களுக்குச் சரிவராது, ஓட்டோவில் போகிறவர்களுக்கு இதுதான் நல்லது. கொக்கியில் வெறும் தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்துவிடுங்கள், இருட்டில் யாரும் காலில் குத்திக்கொள்ளக் கூடாது. முருங்கன் பக்கத்துக் கறுப்புக் களி வேறு வகை. காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பில் அடித்த முளை பிடிக்காது. நனைந்தால் வழுக்கி வெளியே வரும். அங்கே நீளமான, பட்டையான மரமுளை அடித்து, காலையும் மாலையும் கயிற்றை இழுத்துப் பார்க்க வேண்டும்.

வன்னியில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஆட்கள் புழங்காத பற்றைக்குள் முளை அடிக்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் படாததால் மட்டும் அந்த நிலம் துப்புரவானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்த பிறகும் பல வருடங்கள் நடந்த மண் இது. கிராம அலுவலரிடமோ ஊர்க்காரரிடமோ கேட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் மட்டும் அடியுங்கள்.

மூன்றாம் முறை கடைக்குப் போனபோது "பாவிச்ச சாமானை எடுக்கேலாது" என்று முடித்துவிட்டார்கள். பற்றுச்சீட்டில் "கூடாரச் சாமான்" என்று மட்டும் எழுதியிருந்தது. அலுமினியம் என்றால் அலுமினியம் என்றே எழுதி வாங்குங்கள். பொதியை அவிழ்த்து அடிவரைக்கும் பாருங்கள். பழைய ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று கொண்டுபோங்கள், அலுமினியத்தில் அது ஒட்டாது. நான் வாங்கிய இருபதிலும் ஒட்டியது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நான் எழுதி அனுப்பிவிட்டேன்.

அன்று கடற்கரையில் முளைகளை எண்ணியபோது 21தான் இருந்தது. கரைவலை இழுக்கிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிற மணல் அது. அந்தக் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணலோடு இழுத்துக்கொண்டு காலையில் இரண்டு மணித்தியாலம் நடந்தேன், இரண்டு கிடைத்தது. மூன்றாவது எந்த இடத்தில் இருக்கலாம் என்று மீன்பிடி வாடியிலிருந்த அண்ணைமாருக்குக் காட்டி, அங்கே ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி தேடப் போகிறேன்.