சந்தாவா, ஒருமுறை உரிமமா, கட்டற்ற மென்பொருளா: அலுவலக மென்பொருள்கள் குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் ஒரு மென்பொருளை ஒருமுறை வாங்கி, கணினி உழைக்கும்வரை வைத்துக்கொள்வதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 2011 ஜூனில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆபிஸ் 365 என்ற பெயரில் சந்தா முறையைக் கொண்டுவந்த பிறகு அந்த வழக்கம் மெல்ல மாறியது. 2020-இல் அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் 365 ஆனது. இன்று புதிதாகக் கணினி வாங்குபவர் ஆண்டுதோறும் சந்தா கட்டலாம், ஆபிஸ் 2024 போன்ற ஒருமுறை உரிமத்தை வாங்கலாம், அல்லது லிப்ரெஆபிஸ், கூகுள் டாக்ஸ் போன்ற இலவச வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இவற்றை விலையை வைத்து எடைபோடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் உருவாக்கும் கோப்பு யார் யாரிடம் போகப் போகிறது, எத்தனை ஆண்டு கழித்து அதை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்?

சந்தா கட்டுபவருக்கு வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட், அவுட்லுக் ஆகியவற்றோடு, கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் ஒன்டிரைவில் 1 டெராபைட் இடமும் கிடைக்கிறது. குடும்பத் திட்டத்தை ஆறு பேர் வரை பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே 1 டெராபைட் உண்டு. புகைப்படங்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேமிக்க எப்படியும் இடம் வாங்கியாக வேண்டிய குடும்பத்துக்கு இது நியாயமான பேரம் என்றே சொல்வேன். ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதியும் இங்கே நன்றாக அமைந்திருக்கிறது. பல இடங்களிலிருந்து வரும் தரவை இழுத்துச் சுத்தம் செய்யும் பவர் குவெரி, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாக முடிக்க ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த விபிஏ மேக்ரோ என்ற சிறு நிரல்கள் ஆகியவற்றை நம்பியிருப்பவருக்கு எக்செல்லுக்கு நிகரான மாற்று இன்றுவரை இல்லை. இதை மறைத்துவிட்டு இலவச மென்பொருளைப் பரிந்துரைப்பது, கேட்பவருக்குச் செய்யும் தீங்கு.

சந்தா முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டே பணம் கட்ட வேண்டும். தரப்படும் அவகாசமும் கடந்துவிட்டால், கணினியில் நிறுவிய வேர்டும் எக்செல்லும் பழைய கோப்பைத் திறந்து காட்டும், அச்சிடவும் விடும். ஆனால் மேலே உள்ள பொத்தான்கள் பெரும்பாலும் சாம்பல் நிறத்துக்கு மாறி, திருத்தவோ புதிதாக எழுதவோ முடியாமல் போகும். ஒன்டிரைவில் இலவச அளவான 5 ஜிகாபைட்டுக்கு மேல் வைத்திருப்பவர் மேற்கொண்டு எதையும் ஏற்ற முடியாது. கோப்பு நம்முடையதுதான், அதை வேறு மென்பொருளில் திறக்கவும் தடையில்லை; என்றாலும் மறுநாள் காலை அவசரமாக ஒரு விண்ணப்பத்தைத் திருத்த வேண்டியவருக்கு அந்த நேரத்தில் இந்த ஆறுதல் போதாது. தொகையும் நம் கையில் இல்லை. 2025 தொடக்கத்தில் பல நாடுகளில் தனிநபர், குடும்பத் திட்டங்களில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் சேர்க்கப்பட்டபோது, அதைக் கேட்காதவர்களுக்கும் பொதுவாகக் கட்டணம் உயர்ந்தது.

ஒருமுறை உரிமம் இதைவிட எளிமையானது. ஒரு கணினிக்கு ஓர் உரிமம். புதிய வசதிகள் வராது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். பலரும் கவனிக்கத் தவறுவது என்னவென்றால், ஆதரவுக் காலம் நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, அந்தப் பதிப்பு வெளியான காலத்தை ஒட்டியே எண்ணப்படுகிறது. ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஒரே நாளில் ஆதரவு முடிந்தது. 2024 அக்டோபரில் வெளியான ஆபிஸ் 2024-க்கு 2029 அக்டோபர் வரை ஆதரவு உண்டு. ஆகவே அதைத் தாமதமாக வாங்குபவர் கொடுக்கும் பணத்துக்குக் குறைந்த ஆண்டுகளையே பெறுகிறார்.

எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களில் லிப்ரெஆபிஸ்தான் முதன்மையானது. ஸ்டார்ஆபிஸ் என்ற ஜெர்மானிய மென்பொருளை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கி, அடுத்த ஆண்டே அதன் மூலநிரலை (நிரலாளர் எழுதிய அசல் நிரலை) ஓப்பன்ஆபிஸ் என்ற பெயரில் திறந்துவிட்டது. பின்னர் சன் நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனதும், நிரலாளர்களில் ஒரு பகுதியினர் 2010 செப்டம்பரில் பிரிந்து வந்து லிப்ரெஆபிஸைத் தொடங்கினார்கள். உரிமையாளர் மாறியபோதும் மென்பொருள் சாகாமல் பிழைத்தது, மூலநிரல் திறந்திருந்ததால்தான். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, இணையம் வேண்டியதில்லை, ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன. எக்செல் பழகியவர்கள் கேட்டுக்கொண்டிருந்த, அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி அதற்கு இணையானதை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் சூத்திரமும் 24.8 பதிப்பில் வந்துவிட்டது.

குறை எங்கே தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வேர்டில் காலிப்ரி எழுத்துருவில் பன்னிரண்டு பக்கங்களுக்கு எழுதிய அறிக்கையை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் லிப்ரெஆபிஸ் கொண்டு திறப்பதாக வைத்துக்கொள்வோம். மாற்றாக வரும் எழுத்துரு சற்று அகலமாக இருந்தால் மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி நான்காம் பக்கத்துக்கு இறங்கும், அட்டவணை நடுவில் உடையும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் பிசகும். பார்ப்பவர் மென்பொருளைக் குறை சொல்வார். காலிப்ரியின் எழுத்து அகலங்களை அப்படியே கொண்ட கார்லிட்டோ என்ற இலவச எழுத்துருவை நிறுவிவிட்டால் வரிகள் பெரும்பாலும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். மேக்ரோவுக்கு இப்படி எளிய மருந்து இல்லை: விபிஏ நிரலின் ஒரு பகுதி இயங்கும், ஒரு பகுதி பிழைச் செய்தியோடு நின்றுவிடும். ஒரே கோப்பு இரண்டு மென்பொருள்களுக்கும் இடையே பலமுறை போய்வந்தாலும் வடிவமைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும்.

நீண்டகாலச் சேமிப்பு என்று வரும்போது லிப்ரெஆபிஸின் இயல்பான கோப்பு வடிவமான ஓடிஎஃப் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அது 2006-இலேயே ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. மைக்ரோசாஃப்டின் வடிவம் 2008-இல்தான் அந்தத் தகுதியைப் பெற்றது. ஓர் ஓடிடி கோப்பின் (ஓடிஎஃப் வடிவிலான உரை ஆவணத்தின்) பின்னொட்டை ஜிப் என்று மாற்றி விரித்துப் பாருங்கள்: படங்கள் ஒரு ஃபோல்டரில் தனியாக இருக்கும், நாம் எழுதிய வாக்கியங்கள் எக்ஸ்எம்எல் என்ற எளிய உரைக் கோப்பு ஒன்றில் எவரும் படிக்கும்படி வரிசையாக இருக்கும். எந்த அலுவலக மென்பொருளும் இல்லாத நாளில்கூட உரை தப்பிக்கும்.

கூகுள் டாக்ஸ் இதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. கூட்டாக எழுதுவதற்கு அதைப்போல் எளிதானது வேறில்லை. பழைய பதிப்புகளை நாள்வாரியாகப் பின்னோக்கிப் பார்க்கலாம். 15 ஜிகாபைட் இலவச இடத்தை மின்னஞ்சலோடும் புகைப்படங்களோடும் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் கணினியில் ஜிடாக் என்ற பின்னொட்டோடு தெரிவது ஆவணம் அன்று, ஆவணத்தைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. அதைப் பென் டிரைவில் நகலெடுத்தால் உரை கூடவே வராது. இரண்டு ஆண்டு தொட்டுப்பார்க்காத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம் என்பதால், முக்கியமானவற்றை அவ்வப்போது தரவிறக்கி வைப்பது கட்டாயம்.

தேர்ந்தெடுக்க நான் சொல்லும் வழி இதுதான். லிப்ரெஆபிஸும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸும் ஒரே கணினியில் அருகருகே இருக்கலாம். சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே லிப்ரெஆபிஸை நிறுவி, தாங்கள் அன்றாடம் கையாளும் பத்துக் கோப்புகளின் நகல்களை அதில் திறந்து, பக்க எண்ணிக்கை, சூத்திரங்களின் விடை, தரவைத் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிள், மேக்ரோ ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பத்தும் தேறினால் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டிய தேவை இல்லை. கணக்காளர் பயன்படுத்தும் ஒரே ஒரு மேக்ரோ கோப்பு மட்டும் தேறவில்லை என்றால், அலுவலகத்தில் இருபது கணினிகள் இருந்தாலும் அவருடைய கணினிக்கு மட்டும் சந்தாவோ உரிமமோ வாங்கினால் போதும்.