ஸ்பார்க் கனெக்ட்: கிளஸ்டருக்கு வெளியே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு

பெரிய டேட்டாவைப் பல மெஷின்கள் சேர்ந்த கிளஸ்டருக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டும் அப்பாச்சி ஸ்பார்க்கில் கோடு (code) எழுதுவது பெரிய விஷயம் இல்லை, கிளஸ்டருக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அதை ஓட்டுவதுதான் ரோதனை. பழைய முறையில் லேப்டாப்பிலிருந்து கிளையன்ட் மோடில் பைஸ்பார்க்கை (ஸ்பார்க்கின் பைத்தான் வடிவம்) தொடங்கினால், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டிரைவர் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். நீங்கள் கிளஸ்டரை எட்டினால் மட்டும் போதாது, அங்கே வேலையைச் செய்யும் எக்ஸிகியூட்டர்கள் அத்தனையும் திரும்ப உங்களை எட்ட வேண்டும். வீட்டு ரவுட்டருக்கும் விபிஎன்னுக்கும் பின்னால் இருக்கிற மெஷினை அவை எங்கே போய்த் தேடும்? டிரைவர் ஹோஸ்ட், டிரைவர் போர்ட், பிளாக் மேனேஜர் போர்ட் என்று ஒவ்வொன்றையும் நிலையாக வைத்து, ஃபயர்வாலில் வழி கேட்டு டிக்கெட் போட்டு, எல்லாம் முடிந்து ஓட்டினால் 'வேலைக்கு இன்னும் ரிசோர்ஸ் கிடைக்கவில்லை' என்கிற அதே எச்சரிக்கை திரும்பத் திரும்ப வரும். கிளஸ்டரோ சும்மா கிடக்கும். எக்ஸிகியூட்டர் கிளம்பி, டிரைவரைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் செத்துப்போகிறது என்பது லாகைத் தோண்டினால்தான் தெரியும். இது போதாதென்று ஜாவா வெர்ஷன் பொருத்தம் வேறு.

இதற்கு மருந்தாக 2023 ஏப்ரலில் ஸ்பார்க் 3.4-உடன் வந்ததுதான் ஸ்பார்க் கனெக்ட். டிரைவர் கிளஸ்டர் பக்கமே தங்கிவிடும், உங்களிடம் இருப்பது மெல்லிய கிளையன்ட் மட்டும். நீங்கள் ஃபில்டர், குரூப்பை என்று எழுதிக்கொண்டே போகும்போது அது எதையும் ஓட்டுவதில்லை, எந்த டேபிள், எந்தக் காலம் (column), என்ன செய்ய வேண்டும் என்று பெயர்களை மட்டும் வைத்து ஒரு திட்டம் கட்டிக்கொள்கிறது. ஷோ அல்லது கலெக்ட் என்று சொன்னதும் அந்தத் திட்டம் புரோட்டோபஃப் என்கிற சுருக்கமான வடிவில், ஜிஆர்பிசி என்கிற நெட்வொர்க் அழைப்பு முறை வழியாக 15002 என்கிற ஒரே போர்ட்டுக்குப் போகிறது, மற்ற வேலையை எல்லாம் சர்வர் பார்த்துக்கொண்டு விடையை ஏரோ என்கிற டேட்டா வடிவத்தில் தவணை தவணையாக அனுப்புகிறது. திரும்பக் கூப்பிடும் கதையே இல்லை. லேப்டாப்பில் ஜாவாவும் வேண்டாம்.

இணைப்பு விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. வெளியே போகும் ஒரு போர்ட் திறந்திருந்தால் போதும், எடிட்டரிலிருந்தே வரி வரியாக நிறுத்தி டீபக் செய்யலாம். 3.5-இல் ஓடிக்கொண்டிருக்கும் குவெரியோடு மறுபடி ஒட்டிக்கொள்ளும் வசதியும் வந்தது, அதனால் வைஃபை ஒரு நொடி விக்கினால் நீளமான குவெரி மொத்தமாகப் போய்விடுவதில்லை. 4.0-இல் கிளையன்டைத் தனிப் பேக்கேஜாகவே பிரித்துவிட்டார்கள், சுமார் 1.5 எம்பிதான். முழு பைஸ்பார்க் 300 எம்பிக்கு மேல். கன்டெய்னர் இமேஜ் கட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, உதைக்கிற இடத்துக்கு வருவோம். ஒரு செலக்டில் காலம் பெயரை 'அமவுண்ட்' என்பதற்குப் பதில் ஓர் எழுத்து விட்டு அடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பழைய ஸ்பார்க் அந்த வரியிலேயே கத்தும். இது கத்தாது, ஏனென்றால் அந்தப் பெயர் இருக்கிறதா இல்லையா என்று கிளையன்டுக்குத் தெரியவே தெரியாது. கீழே எங்கேயோ ஷோ வரும்போதுதான் பிழை வரும். செலக்டைச் சுற்றி டிரை, எக்ஸெப்ட் போட்டு வைத்திருக்கும் பழைய கோடு எல்லாம் அப்படியே எதையும் பிடிக்காமல் தாண்டிப்போகும். அந்த இடத்தில் ஸ்கீமாவை (காலங்களின் பெயர், வகைப் பட்டியல்) கேட்டால் அப்போதே பிழை வந்துவிடும், அதுதான் வழி. ஆனால் அதையே லூப்புக்குள் வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு புது டேட்டாஃப்ரேமிடமும் (ஸ்பார்க்கில் டேட்டாவை வைத்திருக்கும் டேபிள்) காலம் பட்டியலைக் கேட்கும்போது சர்வருக்கு ஒரு நடை போய்வருகிறது. நூறு காலம் சேர்க்கும் லூப்பில் 'இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா' என்று டேட்டாஃப்ரேமிடமே நூறு தடவை கேட்டால், முன்பு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது இப்போது நின்று நின்று ஓடும். பெயர்களை ஒரு பைத்தான் செட்டில் வைத்துக்கொண்டு அங்கே பார்த்தால் தீர்ந்தது.

யுடிஎஃப்பிலும் (நீங்களே எழுதி ஸ்பார்க்கிடம் கொடுக்கும் ஃபங்ஷன்) இதே குணம்தான். வெளியே இருக்கும் ஒரு மாறியைப் பயன்படுத்தும் யுடிஎஃப் எழுதிவிட்டு, ஷோவுக்கு முன்னால் அந்த மாறியின் மதிப்பை மாற்றினால் புது மதிப்புதான் போகும், ஏனென்றால் ஃபங்ஷனை மூட்டை கட்டுவதே கடைசி நிமிடத்தில். பிழை எதுவும் வராது, விடை மட்டும் மாறியிருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. அப்புறம் உங்கள் லேப்டாப்பில் பைத்தான் 3.11, வொர்க்கரில் 3.10 என்றால் யுடிஎஃப் ஓடாது. ஜாவா பொருத்தம் போனாலும் இந்தப் பொருத்தம் போகவில்லை.

ஆர்டிடி (டேட்டாஃப்ரேமுக்கு அடியில் இருக்கும் ஸ்பார்க்கின் பழைய டேட்டா வடிவம்) கிடையாது, அதற்கு நுழைவாயிலான ஸ்பார்க் கான்டெக்ஸ்டும் கைக்கு வராது. பழைய கோடில் பேரலலைஸ், மேப்பார்டிஷன்ஸ் என்று நிறைய கிடந்தால் இப்போதைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம், டேட்டாஃப்ரேமுக்கு மாற்றிய பிறகு வாருங்கள். எஸ்கியூஎல், டேட்டாஃப்ரேம் மட்டும் என்றால் யோசிக்காமல் மாறலாம். மார்க் போடச் சொன்னால் இன்றைய 4 வரிசைக்கு 10-க்கு 8, முதலில் வந்த 3.4-க்கு 5-க்கு மேல் மனசு வராது.

இன்னொன்று, எல்லோருடைய செஷனும் ஒரே சர்வரில், ஒரே டிரைவரின் நினைவகத்தில்தான் ஓடுகிறது. ஒருவருடைய டெம்ப் வியூ (செஷனுக்குள் மட்டும் இருக்கும் தற்காலிக டேபிள் பெயர்) இன்னொருவருக்குத் தெரியாது, அந்த அளவுக்குப் பிரிவு உண்டு. ஆனால் யாரோ ஒருவர் போட்ட பெரிய பிராட்காஸ்ட் ஜாயினில் (ஒரு டேபிளை டிரைவர் வழியாக எல்லா எக்ஸிகியூட்டருக்கும் அனுப்பிச் சேர்ப்பது) டிரைவர் விழுந்தால் எல்லோரும் சேர்ந்தே விழுவோம். முக்கியமான ராத்திரி ஜாபுகளுக்குத் தனி சர்வர் வைப்பதே நல்லது.

கடைசியாகப் பாதுகாப்பு. வெறும் சர்வரைத் தொடங்கினால் நீ யார் என்று அது கேட்பதே இல்லை. 15002-ஐ எட்ட முடிந்த யாரும் யுடிஎஃப் என்ற பெயரில் உங்கள் கிளஸ்டருக்குள் எந்தப் பைத்தான் கோடையும் ஓட்டலாம். இணைப்பு முகவரியில் டோக்கன் கொடுக்க இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், வெறும் சர்வர் அதைத் தானாகச் சரிபார்க்காது, சர்வருக்கு முன்னால் அதைச் சரிபார்க்கும் ஒரு பிராக்ஸியை நிறுத்தி அங்கேயே டிஎல்எஸ்ஸையும் (இணைப்பை மறையாக்கும் முறை) முடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் கொண்ட சின்ன டீம் என்றால் அதுகூட வேண்டாம், சர்வரை லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்க வைத்துவிட்டு ஆளுக்கொரு எஸ்எஸ்ஹெச் டனல் (மறையாக்கப்பட்ட தனிப் பாதை) போட்டுக்கொண்டால் போதும்.