3 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும்: தக்கலையிலிருந்து ஒரு மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல்களும், பேனல், பேட்டரி, மின்வாரிய லைன் மூன்றையும் சேர்த்து இயக்கும் ஒரு ஹைபிரிட் இன்வெர்ட்டரும், 51.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் அளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் ஓராண்டுக்கு மேலாக இயங்கி வருகின்றன. பகலில் மிஞ்சும் மின்சாரத்தை நாம் கொடுக்கும், எடுக்கும் யூனிட் இரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வழியாக மின்வாரியத்துக்குக் கொடுத்துவிடலாமா, பேட்டரியில் சேமித்து இரவில் எடுத்துக்கொள்ளலாமா என்று மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்திலிருந்து உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பணக் கணக்கு மட்டும்தான் முக்கியம் என்றால் பேட்டரி வேண்டாம். நல்ல வெயில் நாளில் எங்கள் பேனல்கள் ஏறத்தாழ 12 யூனிட் தருகின்றன; பகல் செலவு போக மீதி வெளியே போகிறது. நெட் மீட்டரில் அப்படிப் போன ஒவ்வொரு யூனிட்டும் இரவில் நாம் இழுக்கும் யூனிட்டுக்கு ஈடாகக் கழிக்கப்படுகிறது. மிஞ்சினால் அடுத்த பில்லுக்கு வரவாகச் செல்கிறது. அதே யூனிட்டைப் பேட்டரிக்குள் ஏற்றி இறக்கினால் பத்தில் ஒரு பங்காவது வழியிலேயே வீணாகிவிடும். எங்கள் பேட்டரிக்கு ஒரு லட்சம் ரூபாய் ஆயிற்று. நாள்தோறும் 4 யூனிட் வீதம் 10 ஆண்டுகள் உழைத்தாலும் 14,600 யூனிட்தான். அதாவது சேமித்து வைப்பதற்கு மட்டுமே யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசமாகவும் அதற்கடுத்த படிகள் மலிவாகவும் கிடைக்கும் தமிழ்நாட்டில், 300 யூனிட் செலவழிக்கும் சிறு குடும்பத்துக்கு இந்தக் கணக்கு எந்த வகையிலும் கட்டுபடியாகாது. 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்குக் கட்டண விகிதமே ஏறிவிடுவதால் சோலாரின் முதலீடு விரைவில் திரும்பும். ஆனால் அதையும் திருப்பித் தருவது நெட் மீட்டர்தான்.

நம் மாவட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்வதால், வானம் மூடிக் கிடக்கும் நாள்களில் 12 யூனிட் என்பது மூன்றாகவோ நான்காகவோ சுருங்கிவிடுகிறது. அன்று பேட்டரி பாதிகூட நிரம்புவதில்லை. பேட்டரி ஓர் இரவுக்கான மின்சாரத்தைத்தான் வைத்திருக்கும். ஏப்ரல் மாத வெயிலை ஜூன் மாத மழைக்குக் கொண்டுபோவது மீட்டரில் ஏறிய வரவால் மட்டுமே முடியும்.

அப்படியானால் பேட்டரி எதற்கு? கரண்ட் போகும் நேரத்துக்கு. பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு சேர்ந்தே இயங்கும் சாதாரண ஆன்கிரிட் இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றவுடன், உச்சி வெயிலிலும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. விற்பவர்கள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாள்களில் வெறும் நெட் மீட்டர் அமைப்பு கூரைமேல் அழகுக்குத்தான் இருக்கும். எங்கள் ஹைபிரிட் இன்வெர்ட்டரோ, மின்தடை வந்தால் கம்ப்யூட்டர் அணையாத வேகத்தில் பேட்டரிக்கு மாறிவிடுகிறது. ஃபிரிட்ஜ், விளக்குகள், மின்விசிறிகள், வைஃபை ஆகியவை இரவு முழுவதும் ஓடுகின்றன. கிணற்று மோட்டாரை மட்டும், மின்தடையில் பேட்டரியால் ஓடும் இந்தப் பேக்கப் லைனில் சேர்க்க இயலவில்லை. 1 ஹெச்பி மோட்டாரானாலும் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுப்பதால் ஓவர்லோட் காட்டி இன்வெர்ட்டர் நின்றுவிடுகிறது.

கருவியில் குறை அதிகமில்லை. பொருத்திய நிறுவனத்தின் வேலையில்தான் குறை. இன்வெர்ட்டர் திரையில் பேட்டரி வகையை, பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்கான லெட் ஆசிட் என்றே விட்டுவிட்டு, பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையிலான தகவல் கேபிளையும் செருகாமல் போய்விட்டார்கள். பேட்டரியில் பாதிக்கு மேல் இருக்கும்போதே இரவு நடுவில் சப்ளை துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பலமுறை அழைத்த பிறகு வந்த பையன், இன்டர்நெட் வயர் போன்ற அந்தச் சிறு கேபிளைச் செருகி, வகையை லித்தியம் என்று மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பினார். வேலை முடிந்து ஆள் இறங்குவதற்கு முன் இந்த இரண்டையும் நீங்களே பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டரின் ஃபேன் மதிய வேளையில் நன்றாக இரைவதால் படுக்கையறைச் சுவரில் மாட்ட விடாதீர்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளையே கேட்டு வாங்க வேண்டும். உப்புக்காற்று மற்றவற்றை விட்டுவைக்காது. பக்கத்துத் தோப்புத் தென்னையின் ஓலை நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் குறையக்கூடும் என்பதால், மாலை மூன்று மணிக்கு மாடியில் நின்று நிழலைப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்வது நல்லது.

பிரதமர் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. அது மின்வாரிய லைனோடு இணைந்த அமைப்புக்கு உரியது. பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை. எனவே புதிதாகப் போடுபவர்கள் முதலில் ஹைபிரிட் இன்வெர்ட்டரோடு நெட் மீட்டரை வாங்கிக்கொண்டு, ஒரு மழைக்காலத்து மின்தடைகளைப் பார்த்துவிட்டுப் பேட்டரியின் அளவைத் தீர்மானிக்கலாம். வாங்கும்போது வாரண்டி ஆண்டுக் கணக்கிலா, சைக்கிள் (ஏற்றி இறக்கும் தடவை) கணக்கிலா, எது முதலில் முடிந்தால் பொறுப்பு முடியும் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.